தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அன்னாசிக்கு ஒன்றுவிட்ட உறவான செடிகளை வளர்க்கும் கர்லூ க்ரீக் புரோமிலியாட் சங்கத்தின் முப்பத்தொன்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்குத் தலைமை தாங்கி, பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் மணியடித்துவிடுவேன் என்று மணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தலைவர் ஜாய்ஸ் வெதரல் அவர்களே! இரண்டு நாளாகக் குனிந்து குனிந்து இலை பார்த்து இடுப்பு ஒடிந்துபோன நடுவர் பெருமக்களே! இந்தக் கூடம் நிறைய மேசை தூக்கிப் போட்ட தோள்வலி மிக்க தோழர்களே! சங்கம் பிறந்த நாள் முதல் செடியும் சேறுமாய் நிற்கும் மூத்தவர்களே! பூசணி ஸ்கோனும் லாமிங்டனும் தட்டுத் தட்டாய்ச் சுட்டு வந்து, "போன வருஷம் மாதிரி வரல" என்று சொல்லிச் சொல்லியே எங்களை மூன்று தின்ன வைத்த அன்புத் தாய்மார்களே! முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கீறிய கோடுகளைப் பதக்கமாய் அணிந்திருக்கும் முன்வரிசைச் சகோதரிகளே! குலுக்கல் சீட்டு எப்போது எடுப்பார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைக் கனவான்களே! உங்கள் அனைவருக்கும் ரெஜ் கில்ஹூலியின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் கரும்பு ரயில் ஓட்டியவன். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சங்கத்தின் பெயரில்லா மேசையைக் கவனித்துக்கொள்பவன். இதோ எனக்கு முன்னால் இருக்கும் வெள்ளிக் கோப்பையையும் உங்களுக்குத் தெரியும். கண்காட்சியின் தலைசிறந்த செடிக்கு உரிய கோப்பை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தடவை, போன வருடம் ஒரு தடவை, இதை நான் வாங்கினேன். இன்று திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன். ஏன் கொடுக்கிறேன் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

மூன்றாவது வரிசையில் என்ன சத்தம், டெஸ்? "மெருகு போட்டுக் கொடுத்தியா"வா? போட்டேன். உட்காரும் ஐயா.

பெயரில்லா மேசை என்றால் என்ன? பெயர்ச் சீட்டு தொலைந்துபோன செடியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "ரெஜ், இது என்னன்னு பாரு" என்பீர்கள். நான் பார்ப்பேன். எதைப் பார்ப்பேன்? முதலில் இலை விளிம்பை விரலால் தடவுவேன். வழுவழுப்பாக இருந்தால் வ்ரீசியா, குஸ்மேனியா இனங்கள் பக்கம் போவேன். முள் குத்தினால் ஏக்மியா, பில்பெர்ஜியா, நியோரெஜீலியா பக்கம் வருவேன். பிறகு பூவைத் தேடுவேன். இலைகள் கூடும் நடுக்கிண்ணத்தில் தேங்கிய தண்ணீருக்குள்ளேயே பூ முங்கிக் கிடந்தால் நியோரெஜீலியா. இலையெல்லாம் குழலாகச் சுருண்டு நின்று, பூங்கொத்து வெளியே வந்து தலைகுனிந்தால் பில்பெர்ஜியா. பூவே இல்லையா? பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து ஒரு வாரம் கட்டிவையுங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் பூ வந்து நிற்கும். இதுவரைக்கும் கண் சொல்லும். கை சொல்லும். அனுபவம் சொல்லும்.

அதற்கு மேல்? அதற்கு மேல் யார் சொல்வது? நியோரெஜீலியாவில் மட்டும் மனிதன் செய்த கலப்பு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று அக்கா தங்கை, சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை! ஒரே தாயின் அடியில் முளைத்த இரண்டு கன்றுகளை வெட்டி எடுத்து, ஒன்றை உச்சி வெயிலில் உரமில்லாமல் வையுங்கள், இன்னொன்றை மாமரத்தடியில் உரம் போட்டு வையுங்கள். அது சிவந்து குறுகி அழகாக நிற்கும், இது பச்சையாய் நீண்டு தொங்கும். இரண்டும் ஒன்று என்று பெற்ற தாய்கூட ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆகையால்தான் இந்தச் சங்கத்தின் முதல் விதி என்ன? சத்தமாகச் சொல்லுங்கள்!

ஆம். ஊகித்து எழுதாதே! தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் "பெயர் தெரியாது" என்று எழுது. இந்த விதியை உங்களுக்கெல்லாம் ஓதியவன் யார்? நான். சீட்டு மாறிப்போன செடியோடு வந்தவர்களை நிற்கவைத்துத் திட்டியவன் யார்? நான். முன்வரிசைச் சகோதரி ஒருவரை அழவே வைத்திருக்கிறேன், அவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அந்த விதியை நானூறு தடவை மீறியவன் யார்? அதுவும் நான்தான், நண்பர்களே.

மெர்வ் ஸ்ட்ராட்டனை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். உயரமான மனிதர், ஒரு கூட்டத்துக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார், அந்த வார்த்தையும் பெரும்பாலும் "டீ" என்பதாகவே இருக்கும். அவருடைய மனைவி நோலீன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மெர்வ் ஏழு வருடத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், நிழல்வலைக் குடிலுக்குள்ளேயே மாரடைப்பில் போய்விட்டார். கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் அவருடைய சவப்பெட்டியைத் தூக்கினேன். நல்ல நண்பன்.

நோலீனால் அந்தக் குடிலுக்குள் கால் வைக்க முடியவில்லை. தங்கையின் வீட்டுப் பக்கம் சின்ன வீடாகப் பார்த்துப் போக முடிவு செய்தார். "எல்லாத்தையும் நீயே பாத்துக்க ரெஜ், என்னால முடியாது" என்றார். நானூறு தொட்டி. சங்கத்தின் பெயரில் விற்பனை வைப்பது என்று ஏற்பாடு. பெயர்ச் சீட்டு என் பொறுப்பு.

குடிலுக்குள் போனேன். தொட்டிக்குத் தொட்டி ஒரு அலுமினியத் தகடு. பழைய ஜன்னல் மறைப்பின் பட்டையை வெட்டிச் செய்தது, நாம் எல்லோரும் செய்கிற சிக்கனம்தான். அதில் பென்சிலால் ஒரு எண். பதினேழு. முப்பது. நாற்பத்தொன்று. பெயர் கிடையாது, வெறும் எண், ஒரே எண் பல தொட்டிகளில். நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? "இது என்ன எண், இதற்கு எங்காவது விளக்கம் இருக்கிறதா, நோலீனை ஒரு வார்த்தை கேட்போம்" என்று நினைத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன்? எந்த மேசையில் எந்த வரிசை என்று மெர்வ் குறித்துவைத்த எண் என்று நினைத்தேன். எண்ணை யார் வாங்குவார்கள், பெயரைத்தானே வாங்குவார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தான் கண் இருக்கிறதே என்று நினைத்தேன்!

இரண்டே நாள். தகடுகளை எல்லாம் பிடுங்கி ஒரு வாளியில் போட்டேன். வெள்ளைவெளேர் என்று பிளாஸ்டிக் சீட்டு வாங்கி, கறுப்பு மார்க்கரால், என் கையெழுத்தில், நானூறுக்கும் பெயர் எழுதினேன். சிவப்பாக இருந்ததற்கு ஒரு பெயர், புள்ளி இருந்ததற்கு ஒரு பெயர், கோடு போட்டதற்கு ஒரு பெயர். விற்பனை அன்று நீங்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினீர்கள். கை தட்டினீர்கள். நான் தலை வணங்கினேன். வாளித் தகடுகள் பழைய இரும்புக்குப் போயின.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. விற்பனை தொடங்குவதற்கு முன்பே, உழைத்த கூலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இருந்ததிலேயே அழகான செடியை என் வண்டியில் ஏற்றிவிட்டேன். நடுவில் வெளிர் மஞ்சள், நுனியில் ரத்தச் சிவப்பு, இலையின் அடியில் ஊதாப் பட்டை. அதற்கு "மரூன் மேட்டி" என்று பெயர் எழுதினேன். அந்தச் செடியின் கன்றுதான் இந்தக் கோப்பையை இரண்டு தடவை வாங்கியது.

 இன்னும் கேளுங்கள்.

போன வருடம் செப்டம்பரில், மாதக் கூட்டத்துக்கு நோலீன் வந்தார். ஆறு வருடமாக வராதவர். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, மெர்வ் கைப்பட எழுதியது. மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டதாம். திறந்து காட்டினார். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, தாய் எது, தந்தை எது, எந்த மாதம் மகரந்தம் தொட்டுவைத்தார், எத்தனை விதை முளைத்தது, எத்தனையைத் தூக்கிப் போட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று இருந்தது. இருபது வருட வேலை! நாற்பத்தொரு கலப்பு! வாய் திறந்து ஒருவரிடம் சொல்லவில்லை அந்த மனிதர். கன்றும், கன்றின் கன்றும், அதன் கன்றும் தாயைப் போலவே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிய வகையாகப் பெயர் சூட்டிப் பதிவுக்கு அனுப்புவது என்று காத்திருந்திருக்கிறார். காத்திருக்கும்போதே போய்விட்டார்.

நோலீன் கேட்டார்: "அவரு தகடுங்க எங்க ரெஜ்?"

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "எங்கயாவது இருக்கும், தேடிப் பாக்கறேன்" என்றேன். பொய் சொன்னேன். அடுத்த மாதம் முழங்கால் வலி என்றேன். அதற்கடுத்த மாதம் புயல் எச்சரிக்கை, குடிலை இழுத்துக் கட்ட வேண்டும் என்றேன். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஒன்பது மாதம், நண்பர்களே, எழுபத்து மூன்று வயது ஆண்பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குப் பயந்து ஒளிந்தேன். கடையில் அவரைக் கண்டால் நாய்த் தீனி அடுக்கின் பின்னால் நின்றேன். என்னிடம் நாய் கிடையாது.

ஜூன் மாதம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். காரை நிறுத்தினார், நேரே என் குடிலுக்குள் நடந்தார், அந்தச் செடி முன்னால் நின்றார். நோட்டைத் திறந்து நாற்பத்தொன்றை வாசித்தார். நடுவில் வெளிர் மஞ்சள். நுனி சிவப்பு. அடியில் ஊதாப் பட்டை. முள் கறுப்பு. அவர் வாசிக்க வாசிக்க நான் இலை இலையாகப் பார்க்கிறேன். ஒரு வரிகூடப் பிசகவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைச் சொன்னேன், பழைய இரும்பைச் சொன்னேன், நாய்த் தீனியையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மனம் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன். "நோலீன், இது மெர்வோடதுதான், சந்தேகமே இல்ல. இப்பவே சீட்டுல அவரு பேர எழுதறேன், நம்ம ரெண்டு பேருமா பதிவுக்கு அனுப்பிடுவோம்" என்றேன். நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் பேனாவை என் கையிலிருந்து எடுத்தார். சொன்னார்: "ஒரு தடவ கண்ண நம்பி எழுதின. இப்ப என் மேல பாவப்பட்டு எழுதப் போற. ரெண்டும் ஊகம்தான் ரெஜ். நம்பர் இருந்தா அது மெர்வோடது. நம்பர் இல்லன்னா அது அழகான செடி, அவ்வளவுதான்."

கேட்டீர்களா? யார் சொல்கிறார்? அந்தச் செடி மெர்வுடையதாக இருக்க வேண்டும் என்று இந்த ஊரிலேயே அதிகமாக ஆசைப்படுகிறவர் சொல்கிறார்! விதியை ஓதிய நான் வளைக்கப் பார்க்கிறேன், விதியால் இழக்கப்போகிறவர் அதை நிமிர்த்தி வைக்கிறார். 

பிறகு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். "அடியில இருந்த தகடு என்ன ஆச்சு?"

அடியில் ஏது தகடு? "அவரு ரெண்டு எழுதுவாரு. ஒண்ணு மேல குத்துவாரு, ஒண்ணு தொட்டியோட அடியில போட்டு அது மேல மரப்பட்டையக் கொட்டுவாரு. பறவ பிடுங்கிடும்னு பயம்." மெர்வ் பயந்தது பறவைக்கு. வந்தது நான்.

 அப்போது எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே தொட்டி மாற்றினேன். ஒழுங்காக வளர்ப்பவன் அல்லவா நான்! கவிழ்த்தபோது ஏதோ ஒன்று கிணுங்கென்று தரையில் விழுந்தது. தண்ணீர் வடிவதற்குப் போட்ட தகடு என்று நினைத்துக் குப்பையில் எறிந்தேன். ஆக, கோப்பை வாங்கிய செடி மெர்வின் நாற்பத்தொன்றா? இருக்கலாம். நிரூபிக்க முடியுமா? இனி ஒருநாளும் முடியாது. என் கையாலேயே முடித்துவிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நோலீன் அழவில்லை. யோசித்தார். "அப்ப வாங்கினதுலேர்ந்து தொட்டியே மாத்தாத ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார்களா? இருக்கிறார்! கர்லூ க்ரீக்கின் ஈடு இணையற்ற சோம்பேறி, மூன்றாவது வரிசை டெஸ் ஹாக்கின்ஸ் இருக்கிறார்! எழுந்து நில்லும் டெஸ். கை தட்டுங்கள். இருபது வருடமாக "தொட்டி மாத்து, தொட்டி மாத்து" என்று இவரை நான் ஏசியிருக்கிறேன். ஒரு தடவைகூட மாற்றாததற்கு இன்று மேடையேறி நன்றி சொல்கிறேன்.

அன்றே போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாமரத்து அடர்நிழலில், அந்த விற்பனையில் வாங்கிய செடி கிடந்தது. தாய் பூத்து, வாடி, மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஏழெட்டுக் கன்றுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சம் தேடித் தேடிப் பச்சைக் கீரையாய் நீண்டு தொங்கின. என் பிளாஸ்டிக் சீட்டு நின்றது. ஏழு வருட மழையிலும் ஈரத்திலும் மார்க்கர் மொத்தமும் பறந்து வெறும் வெள்ளையாய் இருந்தது. நான் என்ன பெயர் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. "இது என்னத்துக்கு ஆகும்? கிண்ணத்துல தவளை இருக்குதேன்னு விட்டு வெச்சிருக்கேன்" என்றார் டெஸ்.

தொட்டியைக் கவிழ்த்தோம். வரவில்லை. டெஸ் விளிம்பில் உதைத்தார். வேர்க்கட்டி அப்படியே கழன்று விழுந்தது. நோலீன் மண்ணில் மண்டியிட்டு, மக்கிய மரப்பட்டையை விரலால் கிளறினார். தகடு வந்தது. பாவாடையில் துடைத்தார். பென்சில் எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது. இருபத்து மூன்று.

நோட்டைப் புரட்டினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாய், தந்தை, விதைத்த மாதம், எல்லாம் இருந்தது. முளைத்தது அறுபது. கடைசி வரியை அவர் வாய்விட்டு வாசித்தார்: "நிறம் மோசம். எல்லாம் குப்பைக்கு. ஒன்றை மட்டும் நோலீன் எடுத்து வைத்துக்கொண்டாள், தூக்கிப் போட விடவில்லை."

அவருக்கு நினைவே இல்லையாம். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு சிரித்தார். ஏழு வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. "மனுஷன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லாம எழுதி வெச்சிருக்காரு பாரு" என்றார். நானும் டெஸும் தவளையைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அன்பர்களே! இன்று அந்தச் செடி இந்தக் கூடத்தில் இருக்கிறது. கடைசி மேசையில், சுவரோரம். காலையில் ஒரு பார்வையாளர் "இது லெட்டூஸா" என்று கேட்டுவிட்டுப் போனார். நடுவர்கள் அதற்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை, சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் இந்தக் கூடத்தில் இருக்கும் அறுநூறு செடிகளில், தன் தாய் யார், தந்தை யார், யார் கையால் பிறந்தோம், யார் கையால் பிழைத்தோம் என்று தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய செடிகளைக் கூப்பிட்டால், முதல் வரிசையில் வந்து நிற்கும் அது! அதற்குப் பக்கத்தில் என் அழகுராணி நிற்கிறது. அதன் சீட்டைப் பிடுங்கிவிட்டேன். பென்சிலால் "பெயர் தெரியாது" என்று நோலீன் எழுதி வைத்திருக்கிறார். பெயரற்ற செடி போட்டியில் நிற்கக்கூடாது என்பது நம் விதி. பொய்ப் பெயரில் நின்ற செடி வென்ற கோப்பை செல்லுமா? செல்லாது. தலைவர் அவர்களே, இதோ, வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் நாற்பது எண் பாக்கி இருக்கிறது. நாற்பதும் எங்கே? உங்கள் வீட்டில்! உங்கள் வேலியோரம், உங்கள் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, உங்கள் மகள் வீட்டு வராந்தாவில்! அந்த விற்பனையில் வாங்கிய ஒவ்வொருவரையும் கேட்கிறேன். சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதா? நம்பாதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். எழுத்து வெளுத்துவிட்டதா? கவிழ்த்துப் பாருங்கள். செடி அழகாக இருக்கிறதா? கவிழ்த்துப் பாருங்கள். அசிங்கமாக இருக்கிறதா? அதை முதலில் கவிழ்த்துப் பாருங்கள்! நண்பருக்குக் கன்று கொடுத்தீர்களா, அவருக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். தகடு கிடைத்தால் துடைக்க வேண்டாம், செடியோடு அப்படியே கொண்டுவாருங்கள். கிடைக்கவில்லையா, வெட்கப்படாமல் "பெயர் தெரியாது" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவது தோல்வி அல்ல, நேர்மை. எனக்கு அதைக் கற்றுக்கொள்ள இருபத்திரண்டு வருடம் ஆனது.

ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள். பெயரில்லா மேசையிலிருந்து நான் இன்றோடு எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம், சொல்லவும் இல்லை, கவனித்தேன். அந்த இடத்தில் உட்காரும்படி ஒருவரைக் கெஞ்சிக் கேட்டேன். செடி வளர்ப்பு தெரியாதே என்றார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர்தான் எங்களுக்கு வேண்டும் என்றேன். மூன்று நாள் யோசித்து, நேற்றுத்தான் சரி என்றார்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், ஸ்கோன் தந்த தாய்மாருக்கும், சோம்பலால் ஒரு செடியைக் காத்த டெஸுக்கும், இன்னும் மணியடிக்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம். நோலீன், மேலே வா. மேசை உன்னுடையது.